கூடையில் ஓர் அரை விலா

அந்தக் காலத்தில், எல்லா உயிர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் காலை காரைமலைக்குக் கீழே ஓடைக்கரையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்.

கூடை முடைகிற கொம்பையன். அவன் மனைவி சிட்டாயி. அந்தக் குடிக்குப் பெரியவரான இருளப்பன். அவர் மனைவி ஒச்சம்மாள். கல்யாணமாகி ஒரு மழைக்காலம்கூடப் பார்க்காத பூசன். அவன் மனைவி வெள்ளைத்தாய். கொம்பையனின் தம்பி சடையன். இவன் கூடை முடைபவன் அல்ல, தேன் எடுப்பவன். ஆக மனிதர் ஏழு பேர். அணில் ஒன்று, முள்ளம்பன்றி ஒன்று, குக்குறுவான் என்ற பச்சைப் பறவை ஒன்று, சிலந்தி ஒன்று. ஆக மொத்தம் பதினொரு பேர். மூங்கிலும் அங்கே இருந்தது. அதுவும் பேசும். ஆனால் ஒரு புதரில் தாங்கள் எத்தனை பேர் என்று மூங்கிலுக்கே தெரியாது என்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு கூடையை ஒருவராக முடைய முடியாது. இருவர் வேண்டும். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கல்லில் எதிரெதிராக உட்காருவார்கள். நடுவில் கூடை இருக்கும்.

அது ஏன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மூங்கிலைப் பிளந்து சீவிய பட்டைக்குப் பிளாச்சு என்று பெயர். கூடையின் அடிக்கு ஆறு பிளாச்சுகளை நெடுக்காக வைப்பார்கள். ஆறு பிளாச்சுகளைக் குறுக்காகக் கோப்பார்கள். பன்னிரண்டு பிளாச்சுக்கு இருபத்துநான்கு முனை. அந்த முனைகளை மேலே மடக்கி நிறுத்தினால் அவைதான் கூடையின் விலாக்கள். பிறகு மெல்லிய மூங்கில் நாரை எடுத்து, ஒரு விலாவுக்கு வெளியே, அடுத்த விலாவுக்கு உள்ளே என்று ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

விலாக்கள் இரட்டைப்படை. ஒரே நாரைச் சுற்றினால், முதல் சுற்றில் வெளியே போன இடத்தில்தான் அடுத்த சுற்றிலும் வெளியே போகும். உள்ளே போன இடத்தில்தான் உள்ளே போகும். ஒரு சுற்று இன்னொரு சுற்றைப் பிடிக்காது. கூடையைத் தூக்கினால் எல்லாம் நெகிழ்ந்து காலடியில் விழும். ஆகவே இரண்டு நார் ஓட வேண்டும். ஒன்று வெளியே போன இடத்தில் மற்றது உள்ளே போகும். மனைவி தன் பக்கத்து அரைச் சுற்றை ஓட்டி நாரை எதிரே நீட்டுவாள். கணவன் வாங்கிக்கொண்டு தன் நாரை அவளிடம் நீட்டுவான். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் கூடையைப் பிடித்துக்கொள்வார். நாள் முழுதும் "இந்தா", "கொடு", "இந்தா", "கொடு" என்று கேட்கும். அந்தச் சொற்களுக்கு நடுவே மற்றப் பேச்சும் வரும். அந்தப் பேச்சைக் கேட்கத்தான் அணிலும் மற்றவையும் வேலையை விட்டுவிட்டு அங்கே வந்து உட்காரும்.

கீழ்நாட்டு உழவர்கள் கூடைக்கு விலையாகக் கூடை நிறையத் தானியம் அளப்பார்கள். விதையை வயலுக்குக் கொண்டுபோகவும், பிறந்த பிள்ளையைக் கிடத்தவும், கல்யாண வீட்டில் சோறு வடிக்கவும் கூடைதான். விதைப்பு நெருங்கிவிட்டதால் அன்று மூன்று வீட்டிலும் கூடை தொடங்கினார்கள்.

கொம்பையன் சீவி வைத்த பிளாச்சுகளைச் சிட்டாயி எண்ணினாள். எண்ணுவதில் அவளை மிஞ்ச அந்தக் குடியில் ஆள் இல்லை. பதினொரு பிளாச்சு முழுதாக இருந்தது. பன்னிரண்டாவதை நடுவில் வண்டு துளைத்திருந்தது. அவள் வளைத்துப் பார்த்தபோது அது ஒடிந்தது. துளைத்த பாதி பொடிந்துபோயிற்று. நல்ல பாதி கையில் இருந்தது.

"ஒண்ணு குறையுதுங்க," என்றாள்.

"ஒண்ணு எங்கே குறையுது? அரைதான் குறையுது," என்றான் கொம்பையன்.

"அரையை வச்சு என்ன பண்ண?"

"ஒரு பக்கமாச் சொருகிக்குவோம். கூடைக்கு அடியிலே யாரு படுத்துக்கிட்டுப் பாக்கப்போறா?"

"எதிர்முனை இல்லாத விலாவை எந்தக் கூடையிலே பார்த்திருக்கீங்க?"

"இந்தக் கூடையிலே பார்த்துக்கிறேன்."

அணில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிட்டாயி சிரிக்கவில்லை. "கீழ்நாட்டுக்காரன் கேட்டா என்ன சொல்லுவீங்க? வண்டு தின்னது போக மீதின்னு சொல்லுவீங்களா?"

"சிட்டாயி தின்னது போக மீதின்னு சொல்லுவேன்."

இருளப்பனுக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒச்சம்மாள் நாரை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏ கொம்பையா, அவகிட்டே வாயைக் கொடுத்து நீ என்னைக்குடா ஜெயிச்சிருக்கே? போய் ஒண்ணு வெட்டிக்கிட்டு வா. இந்தா மனுசரே, நாரை வாங்கும். வாயைப் பாத்துக்கிட்டு இருக்காரு."

"உன் வாயை நான் ஏன் பாக்கணும்? ஊருக்கே கேக்குதே," என்று சொல்லி இருளப்பன் நாரை வாங்கிக்கொண்டார்.

கொம்பையன் எழுந்து இடுப்பில் கத்தியைச் செருகினான். நல்ல மூங்கில் ஓடைக்கு அக்கரையில், சற்று மேல்பக்கத்தில் இருந்தது. அப்போது குக்குறுவான் சொன்னது: "மலைத்தலையிலே இருட்டிக்கிட்டு வருது. நான் பறந்து வரும்போது பார்த்தேன்."

"இவன் நேத்தும் இதையேதான் சொன்னான்," என்றது முள்ளம்பன்றி.

கொம்பையன் மனைவியைப் பார்த்தான். "கேட்டியா? அரையையே வச்சுக்கிருவோமே புள்ள."

"இங்கே வெயில் கண்ணைப் பறிக்குது. அந்தா இருக்கு மூங்கில். அரையை வச்சுக் கூடை போட்டா எனக்குச் சோறு இறங்காது. போயிட்டு வாங்க."

அவன் ஓடையில் இறங்கினான். தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருந்தது.

மலைமேல் மழை பெய்தால் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஓடை வந்துவிடும். அன்றும் அப்படித்தான் வந்தது. முதலில் சருகு வந்தது. பிறகு சத்தம் வந்தது. பிறகு சிவப்பாகத் தண்ணீர் வந்தது. கரையில் இருந்தவர்கள் எழுந்து மேட்டுக்கு ஓடினார்கள். சிட்டாயி மட்டும் கரையோரமாக மேல்பக்கம் ஓடினாள்.

தண்ணீர் அடங்கி வருகிறபோது ஒரு மூங்கில் மிதந்து வந்தது. கிளையெல்லாம் கழித்து, அடியைச் சாய்வாகச் சீவிய நல்ல முற்றின மூங்கில். அது சிட்டாயி நின்ற இடத்தில் கரையை முட்டி நின்றது.

"அவரு எங்கே?" என்று சிட்டாயி கேட்டாள்.

மூங்கில் சொன்னது: "என்னைக் கணுவுக்கு மேலே சரியான இடத்திலே வெட்டினான். எனக்கு வலிக்கவே இல்லை. தோளிலே போட்டுக்கிட்டு இறங்கினான். நடு ஓடைக்கு வந்தப்போ தண்ணி வந்துருச்சு. ஒரு கையாலே பாறையைப் பிடிச்சான். இன்னொரு கையிலே என்னைப் பிடிச்சிருந்தான்."

"விட்டுட்டு ரெண்டு கையாலேயும் பிடிச்சிருக்கலாமே!"

"நானும் அதைத்தான் சொன்னேன். 'ஒண்ணு குறையுதுன்னு அவ சொன்னாளே'ன்னான். பிறகு பாறையிலே இருந்த கைதான் வழுக்குச்சு."

சிட்டாயி அங்கேயே உட்கார்ந்தாள். சடையன் வந்து அவளைத் தூக்க முயன்றான். அவள் எழுந்திருக்கவில்லை.

கொம்பையனைக் கீழே ஓடை வளையும் இடத்தில் கண்டெடுத்தார்கள். பாடைக்குப் பச்சை மூங்கில் வேண்டியிருந்தது. ஓடை இன்னும் வடியாததால் அக்கரைக்குப் போக முடியவில்லை. ஆகவே அவன் வெட்டிய மூங்கிலையே இரண்டாகப் பிளந்து, அதிலேயே அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூங்கில் மறுப்புச் சொல்லவில்லை. சிட்டாயி வீட்டில் பிளாச்சுக் கணக்கு மறுபடியும் பதினொன்றரையாகவே நின்றது.

அந்தக் குடியில் ஒரு வழக்கம் இருந்தது. துணையை இழந்தவர் தனியாகக் கூடை முடைய முடியாது அல்லவா? ஆகவே அவர் எதிர்க்கல்லில் வேறொருவரை உட்கார வைக்க வேண்டும். அப்படி உட்கார்ந்து நாரை வாங்கியவர் அன்று மாலை அதே பானையில் சாப்பிடுவார். அதுதான் அவர்களுக்கு மறுமணம். அதற்கு மனமில்லாதவர் தன் கத்தியைப் பெரியவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அதன்பின் அவர் கையால் மூங்கிலைத் தொடக்கூடாது. மற்ற வீட்டார் கொடுப்பதைச் சாப்பிட்டுக்கொண்டு, மற்ற வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு காலத்தைக் கழிக்க வேண்டும்.

காரியங்கள் முடிந்தபின் இருளப்பன் சடையனைக் கூட்டிக்கொண்டு சிட்டாயி வீட்டு வாசலுக்கு வந்தார். வாசலில் அந்த இரண்டு கற்களும் கிடந்தன. நடுவே, பதினொரு பிளாச்சு கோத்த கூடை அடி ஈரச்சாக்கின்கீழ் கிடந்தது.

"தாயி, தொடங்கின கூடையைக் காயவிட்டா குடிக்கு ஆகாது. சடையனும் தனி ஆளு. நல்லவன். அவனை உட்கார வச்சுக்க," என்றார்.

"அவன் தேன் எடுக்கிறவன் மாமா."

"தேனெடுக்கிற கை நாரைப் பிடிக்காதா? பழகிக்குவான். ஏ, உட்காருடா."

சடையன் கொம்பையனின் கல்லில் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தான். இருளப்பன் சற்றுத் தள்ளிப் போனதும் அவன் மெதுவாகச் சொன்னான்: "மதினி, அண்ணன் கல்லிலே உட்கார எனக்குக் கூசுது."

"கூசினா எழுந்திரு."

"எழுந்தா பெரியவரு திட்டுவாரே."

"அப்போ உட்காரு."

"உட்கார்ந்தா நீங்க பாக்கிற பார்வை அதைவிடக் கஷ்டமா இருக்கு."

சிட்டாயி முதல் தடவையாக அவனைச் சரியாகப் பார்த்தாள். அவனும் இளைத்துப்போயிருந்தான். அவனும் ஒருவனை இழந்தவன்தானே என்பது அவளுக்கு அப்போதுதான் பட்டது. அவள் இருளப்பனைக் கூப்பிட்டாள்.

"மாமா, இந்தப் பிளாச்சு காயற வரைக்கும் எனக்குத் தவணை கொடுங்க. காஞ்சுபோச்சுன்னா நீங்க சொன்னபடி கேக்கிறேன்."

இருளப்பன் யோசித்தார். ஓரிரு வெயிலில் காய்ந்துவிடும் என்று நினைத்தார். "சரி. காஞ்சதும் ஒண்ணு இவன் கையிலே நாரைக் கொடு. இல்லேன்னா என் கையிலே கத்தியைக் கொடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து சிட்டாயி ஓடைக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வந்து அந்தக் கூடை அடியில் ஊற்றினாள். கணவனைக் கொண்டுபோன தண்ணீர்தான் அது. வேறு தண்ணீர் அங்கே இல்லை. சாக்கு காயக் காய ஊற்றினாள். பிளாச்சு காயவில்லை.

"எவ்வளவு நாளைக்கு ஊத்துவே அக்கா? முளைக்கப்போகுதா?" என்று அணில் கேட்டது.

"முளைக்காது. காயாது. அது போதும்."

ஆனால் காயாமல் வைத்திருப்பது மட்டும் போதாது என்பது அவளுக்குத் தெரியும். ஒரு நாள் அவள் முனைகளை மடக்கி நிறுத்தினாள். பதினொரு பிளாச்சுக்கு இருபத்திரண்டு விலா. ஒரே நாரை எடுத்துத் தானாகவே முழுச் சுற்றும் ஓட்டினாள். சுற்றின்மேல் சுற்றாக நார் ஒரே தடத்தில் விழுந்தது. தூக்கிப் பார்த்தாள். நெகிழ்ந்து காலடியில் விழுந்தது.

பிறகு இரண்டு நாரையும் தானே ஓட்டிப் பார்த்தாள். தன் கல்லில் உட்கார்ந்து அரைச் சுற்று ஓட்டுவாள். "இந்தா" என்று சொல்லிவிடுவாள். சொன்னபின் வாய்க்குள்ளேயே நிறுத்திக்கொள்வாள். எழுந்து போய் எதிர்க்கல்லில் உட்கார்ந்து, தான் கொடுத்ததைத் தானே வாங்குவாள். பிடிக்க ஆள் இல்லாததால் அவள் இழுத்த பக்கமெல்லாம் கூடை சாய்ந்தது. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் கொம்பையனின் கல்லில் உட்கார்ந்து எதிரே பார்த்தபோது அவளுடைய கல் காலியாக இருந்தது. தான் இல்லாத இடத்தை அவன் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அவளால் மேலே ஓட்ட முடியவில்லை. எல்லாவற்றையும் பிரித்துவிட்டாள்.

கூரை மூலையில் சிலந்தி தன் வலையைப் பின்னிக்கொண்டிருந்தது. சிட்டாயி அண்ணாந்து பார்த்தாள்.

"நீ ஒருத்தியாத்தானே பின்னுறே?"

"ஒருத்தியாத்தான்."

"உன் புருசன் எங்கே?"

"சாப்பிட்டுட்டேன்," என்றது சிலந்தி.

சிட்டாயி கையிலிருந்த நாரைக் கீழே வைத்தாள். "நானும் அதைத்தான் பண்ணியிருக்கேன்," என்றாள்.

சிலந்திக்கு வருத்தமாகிவிட்டது. அது நூலில் கீழே இறங்கி வந்தது. "தங்கச்சி, என் நூலு ஒட்டுற நூலு. தொட்ட இடத்திலே நிக்கும். எத்தனை சுத்தினாலும் நழுவாது. உன் நாரு ஒட்டாது. என்கிட்டே கத்துக்க உனக்கு ஒண்ணுமில்லே. இருந்தா சொல்ல மாட்டேனா?"

அன்று மழைக்காற்று நின்று வெயில் கடுமையாக அடித்தது. சிட்டாயி தண்ணீருக்குப் போய் வருவதற்குள் பிளாச்சுகளின் ஓரம் வெளுத்திருந்தது. தடவினால் சொரசொரவென்று இருந்தது. இனித் தண்ணீர் ஊற்றினாலும் ஒரு பொழுதுக்குத்தான் வளையும் என்று அவள் கைக்குத் தெரிந்தது. மறுநாள் இருளப்பன் வந்து தொட்டுப் பார்த்தால் காய்ந்ததென்றே சொல்வார்.

கத்தியைக் கொடுத்துவிடுவது என்று அவள் முடிவு செய்தாள். கொடுப்பதற்கு முன்பு கணவன் சொல்லித் தான் கேட்காத ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. சுவரில் செருகியிருந்த அந்த அரைப் பிளாச்சை எடுத்தாள். அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததற்குக் காரணம் அவளுக்கே தெரியவில்லை.

"சொருகுறேன். நீங்க சொன்னபடியே சொருகுறேன். பாக்க அசிங்கமாத்தான் இருக்கும். நல்லா பாத்துக்கங்க," என்று எதிர்க்கல்லைப் பார்த்துச் சொன்னாள்.

அதன் ஒரு முனையைக் கூடை அடியின் நடுவில் கோத்தாள். மறுமுனையை மேலே மடக்கி நிறுத்தினாள். அது அசையாமல் நிற்பதற்காக ஒரு நாரை எடுத்து ஒரு சுற்று ஓட்டினாள். ஒரு சுற்றில் அது நிற்கவில்லை. இரண்டாம் சுற்றைத் தொடங்கினாள். முதல் சுற்றில் எந்த விலாவுக்கு வெளியே நார் போயிற்றோ, அதே விலாவுக்கு இப்போது உள்ளே போயிற்று. தவறிவிட்டோம் என்று பிரித்து மறுபடி ஓட்டினாள். மறுபடியும் உள்ளேதான் போயிற்று. அடுத்த விலாவில் வெளியே. அதற்கடுத்ததில் உள்ளே. இரண்டாம் சுற்று முதல் சுற்றைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தது.

அவள் விலாக்களை எண்ணினாள். இருபத்துமூன்று. விரலை வைத்து மறுபடி எண்ணினாள். இருபத்துமூன்றுதான். ஒற்றைப்படை.

பிறகு அவள் நிறுத்தாமல் முடைந்தாள். கூடையை மடியில் வைத்துக் காலால் அணைத்துக்கொண்டு, நாரைத் தன் கையாலேயே சுற்றிச் சுற்றி ஓட்டினாள். யாரிடமும் கொடுக்கவும் வேண்டியிருக்கவில்லை, யாரிடமிருந்தும் வாங்கவும் வேண்டியிருக்கவில்லை. வெயில் சாய்வதற்குள் கூடை முடிந்தது. வாய் விளிம்பைக் கட்டித் தூக்கிப் பார்த்தாள். நெகிழவில்லை. கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். அது அவளைத் தாங்கியது.

அணில் முற்றத்தில் குதித்தது. "அக்கா! கத்தியைக் கொடுக்க வேண்டாம் அக்கா! யாரையும் உட்கார வைக்க வேண்டாம்!" என்று கத்தியது.

சிட்டாயி கூடையின்மேல் உட்கார்ந்தபடியே அழ ஆரம்பித்தாள். கொம்பையன் போன நாளில்கூட அவள் அப்படி அழுததில்லை. ஒச்சம்மாள் ஓடி வந்து தோளைப் பிடித்தாள்.

"என்னடி? என்ன ஆச்சு? நல்லாத்தானே வந்திருக்கு கூடை?"

"அரை போதும்னு சொன்னாரே அத்தை. அரை போதும்னாரே. போதும் இல்லே, முழுசைவிட அரைதான் நல்லதா இருந்திருக்கு. அன்னைக்கு வச்சிருந்தா..."

ஒச்சம்மாளுக்கு எதையாவது சொல்லித் தேற்றும் வழக்கம் உண்டு. அன்று அவளும் சிட்டாயிக்கு அருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளும்தானே போய் வெட்டிக்கொண்டு வா என்று சொன்னவள்.

மறுநாள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். இருளப்பன் கூடையைக் கவிழ்த்து அடியைத் தடவினார். நடுவில் வந்து முடிந்துபோகும் அந்த ஒற்றைப் பிளாச்சை நகத்தால் நெருடினார். "கத்தி உன்கிட்டேயே இருக்கட்டும் தாயி," என்றார். சடையன் நீளமாக மூச்சு விட்டான். "மதினி, முதல் தேன் உங்களுக்குத்தான்," என்று சொல்லி, தேன்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அன்றே மலை ஏறிப்போனான்.

இளையவனான பூசன்தான் வெகுநேரம் கூடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மனைவியிடம் சொன்னான்: "ஏ வெள்ளை, இப்படிப் போட்டா நான் ஒண்ணு போடலாம், நீ ஒண்ணு போடலாம். அறுப்புக்கு இரட்டைத் தானியம் வரும்."

"வரும்தான். ஆனா நாரை யாருகிட்டே நீட்டுறது?" என்றாள் வெள்ளைத்தாய்.

"ஏன் நீட்டணும்? அதான் நீட்டவே வேண்டாமே!"

சிட்டாயி பதறிப்போய்க் குறுக்கே வந்தாள். "பூசா, வேண்டாம்ப்பா. இது எதிரே ஆள் இல்லாதவ போட்ட கூடை. உனக்கு எதிரே ஆள் இருக்கே. நீ இருபத்துநாலு வச்சே போடு."

"நல்லதைக் கண்டுபிடிச்சவளே வேண்டாங்கிறே. நல்லா இருக்கே கதை!" என்று பூசன் சிரித்தான்.

அவன் கெட்டவன் அல்ல. வீட்டுக்குக் கூடுதலாகத் தானியம் வரட்டும் என்றுதான் நினைத்தான். அந்த அறுப்புக்கு அவன் வீட்டில் இரட்டைத் தானியம் வரவும் வந்தது. அதைப் பார்த்து ஒச்சம்மாளும் ஒரு நாள் தன் கல்லை நகர்த்தி நிழல் பக்கமாகப் போட்டுக்கொண்டாள். இருளப்பன் வெயில் வேண்டுமென்று தன் கல்லை வேறு பக்கம் போட்டுக்கொண்டார். ஆளுக்கொரு கூடையை மடியில் வைத்துக் குனிந்து முடைந்தார்கள். கூடையைப் பார்த்துக் குனிகிறவருக்கு வேறு முகம் தெரியாது. "இந்தா", "கொடு" என்ற சொற்கள் முதலில் நின்றன. அவற்றுக்கு நடுவே வரும் பேச்சும் பிறகு குறைந்தது. குக்குறுவான் சில நாள் வந்து கிளையில் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. முள்ளம்பன்றி தன் வளைக்குப் போயிற்று. அணில் மரத்துக்கு ஏறிக்கொண்டது. சிலந்தி எப்போதும்போல் மூலையில் இருந்தது. அது பேச்சுக் கேட்க வந்ததல்ல, கூரைக்காக வந்தது.

சிட்டாயி நீண்ட காலம் இருந்தாள். அவள் கூடைக்குக் கீழ்நாட்டில் நல்ல பெயர். எதிரே துணை இருக்கும்போதே தனியாக முடைபவர்களைப் பார்த்தால் அவள் நின்று ஏதோ சொல்ல வாயெடுப்பாள். சொல்லாமல் போய்விடுவாள்.

அன்று முதல்தான் கூடையை ஒருவராக உட்கார்ந்து முடைகிறார்கள். அன்று முதல்தான் எந்தக் கூடையைக் கவிழ்த்து எண்ணினாலும் விலாக்கள் ஒற்றைப்படையில் இருக்கின்றன. எல்லாப் பிளாச்சும் அடியைக் கடந்து எதிர்ப்பக்கம் போக, ஒரு பிளாச்சு மட்டும் நடுவிலேயே நின்றுவிடுகிறது.

அந்த ஒற்றை விலாவுக்காக ஒரு முழுப் பிளாச்சை இரண்டாக நறுக்க வேண்டும். பச்சையாக இருக்கும்போதே அதைக் கோத்துவிட வேண்டும். காய்ந்தால் அடுத்த கூடைக்கு ஆகாது. இருவர் இருக்கும் வீட்டில் ஒரு பாதி அவன் கூடைக்கு, மறுபாதி அவள் கூடைக்கு. இருளப்பன் வீட்டில் மீதி இல்லை. பூசன் வீட்டில் மீதி இல்லை. சிட்டாயி வீட்டில், முடைந்த ஒவ்வொரு கூடைக்கும், மீதி ஒன்று.